இகுவானாவுக்கும் கொம்புத் தவளைக்கும் என்ன படுக்கை, என்ன தீனி?

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறைப் பக்கம் பூண்டு, உருளை, கேரட், முட்டைக்கோஸ் போடுகிறேன். கோவையில் வேலை பார்த்த அக்கா மகன் வெளிநாடு கிளம்பும்போது ஓணான் மாதிரி இருக்கும் ஒரு பச்சை இகுவானாக் குட்டியையும், பேக்மேன் தவளை என்று சொல்லி ஒரு குண்டுத் தவளையையும் எங்களிடம் விட்டுப் போய்விட்டான். பிள்ளைகள் பாசமாகிவிட்டார்கள். இப்போதைக்கு இரண்டுக்கும் மரத்தூள் போட்டிருக்கிறோம். உமி, தோட்டத்து மண், தென்னை நார்க்கழிவு இவற்றில் எது நல்லது? முட்டைக்கோஸ் வெளி இலையும் கேரட் தழையும்தான் இகுவானாவுக்குத் தீனி. தவளைக்குத் தோட்டத்தில் வெட்டுக்கிளி பிடித்துப் போடுகிறோம். பத்து நாளாக இகுவானா சரியாகத் தின்னவில்லை, காலையில் கறுத்துப்போய் அசையாமல் கிடக்கிறது. பழைய படுக்கையை எருக்குழியில் கொட்டலாமா?

பதில்: இகுவானா தின்னாமல் கிடப்பதற்குப் பெரும்பாலும் காரணம் குளிர்தான். படுக்கை, தீனி இரண்டையும் பேசுவதற்கு முன்னால் இதைச் சரிசெய்ய வேண்டும். இகுவானா மெக்சிகோ முதல் தென் அமெரிக்கா வரை வெப்பக் காடுகளில் வாழும் பிராணி. அதன் உடம்பு தானாகச் சூடு உண்டாக்கிக்கொள்ளாது, வெளிச் சூட்டை வாங்கித்தான் இயங்கும். இலையைத் தின்றால் அது பெருங்குடலில் நுண்ணுயிர்களால் புளித்துச் செரிக்க வேண்டும். சூடு போதாவிட்டால் அது நடக்காது, தின்றது வயிற்றிலேயே தங்கிவிடும். கறுத்துப்போவதும் குளிர் காய்கிற அறிகுறிதான். கருத்த தோல் வெயிலை அதிகம் இழுக்கும் என்பதால் தன்னால் முடிந்ததைச் செய்து பார்க்கிறது. சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கும் உங்கள் ஊர் இரவைத் தாங்க அதற்கு இது போதாது.

கூண்டின் ஒரு பக்கம் அது ஏறிப் படுக்கும் கிளையின் மேல் 35 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு விழ வேண்டும். மறுபக்கம் 26, 27 இருக்கட்டும், வேண்டும்போது ஒதுங்கிக்கொள்ளும். இரவில் 22-க்குக் கீழே போகக் கூடாது. வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டரை, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு சேர்த்து, பிராணி தொட முடியாதபடி கம்பிவலைக்கு வெளியே மாட்டுங்கள். கடையில் விற்கும் சூடாகும் கல் வேண்டாம், வயிறு வெந்துபோகும் வரை அதன் மேலேயே படுத்திருக்கும். இரவில் மின்சாரம் போனால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வையுங்கள். கரிச் சட்டியை மட்டும் மூடிய அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். அந்தப் புகையில் பிராணிக்கு மட்டுமல்ல, அந்த அறையில் தூங்கும் மனிதருக்கும் உயிராபத்து.

இன்னொன்று வெயில். மலை வெயில் கண்ணைக் கூசினாலும் ஜன்னல் கண்ணாடி வழியே வருவதில் புற ஊதா பி கதிர் இருக்காது, கண்ணாடி தடுத்துவிடும். அந்தக் கதிர் இல்லாமல் உடம்பில் வைட்டமின் டி3 உருவாகாது. டி3 இல்லாமல் தீனியிலுள்ள கால்சியம் எலும்பில் சேராது. அந்தக் கதிரைத் தரும் யூவிபி குழல் விளக்கு ஒன்று வாங்கி நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிடுங்கள். எரிந்துகொண்டே இருந்தாலும் அதன் கதிர் குறைந்துவிடும் என்பதால் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மாற்ற வேண்டும்.

இனி படுக்கை. இகுவானா கூண்டிலிருந்து மரத்தூளை இன்றே எடுத்துவிடுங்கள். மலையில் கிடைக்கும் மரத்தூள் பெரும்பாலும் யூகலிப்டஸ், பைன், சில்வர் ஓக் கலந்து வருவது. யூகலிப்டஸும் பைனும் விடும் எண்ணெய் வாசம், மூடிய கூண்டுக்குள் சூட்டில் கிளம்பி நுரையீரலைப் பாதிக்கும். அதைவிட முக்கியமான காரணம் இருக்கிறது. இகுவானா நாக்கால் தொட்டுத் தொட்டுத்தான் உலகத்தை அறியும். நாக்கில் ஒட்டுவது உள்ளே போகும். ஈரமான இலையில் ஒட்டிய தூளும் போகும். குடலில் திரண்டு அடைத்துக்கொண்டால் அறுவை வரை போக நேரலாம். கோழிக்குஞ்சு கொண்டுவந்து விடும் முதல் சில நாட்கள் உமி மேல் செய்தித்தாள் விரிப்போமே, தீவனம் எது, உமி எது என்று தெரியாமல் குஞ்சு கொத்திவிடும் என்றுதானே? இகுவானாவுக்கு அந்த முதல் சில நாட்கள் ஆயுள் முழுக்க நீடிக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே உமி வேண்டாம், மணல் வேண்டாம், கால்சியம் மணல் என்று விற்பதும் வேண்டாம்.

பழைய செய்தித்தாள் நாலைந்து மடிப்பு போதும். அழகாக இருக்காது, ஆனால் தினமும் மாற்றலாம், எச்சம் எப்படி இருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம், செலவும் இல்லை. இகுவானாவுக்கு இதைவிட நல்ல படுக்கையை நான் சொல்ல மாட்டேன். அது தரையில் வாழும் பிராணியும் அல்ல. கொய்யாக் கிளை இரண்டு, அதன் உடம்பளவு தடிமனில், மருந்தடிக்காத மரத்திலிருந்து வெட்டிக் கழுவிக் காயவைத்துக் குறுக்கே கட்டுங்கள். பொழுதில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கும். வளர்ந்தால் வாலோடு சேர்த்து ஐந்து, ஆறு அடி வரும் என்பதையும் நினைவில் வைத்துக் கூண்டு செய்யுங்கள்.

தவளைக்குக் கதை வேறு. அது தென் அமெரிக்கக் கொம்புத் தவளை. ஈர மண்ணில் பாதி உடம்பைப் புதைத்துக்கொண்டு இரை வரும்வரை உட்கார்ந்திருக்கும். தண்ணீரை வாயால் குடிக்காது, வயிற்றுத் தோலால் இழுத்துக்கொள்ளும். படுக்கையில் என்ன கரைந்திருக்கிறதோ அதுவும் தண்ணீரோடு உடம்புக்குள் போகும். உங்கள் தோட்டத்து மண் இதற்கு ஆகவே ஆகாது. கோழி எரு, உரம், உருளை நூற்புழுவுக்குப் போட்ட குருணை மருந்து எல்லாம் சேர்ந்த மண் அது. நெஞ்சு நிமிர்த்திச் சொல்லும் அளவுக்கு இயற்கை விவசாயம் செய்தாலும், எரு சேர்ந்த மண்ணில் அம்மோனியா இருக்கும்.

தென்னை நார்க்கழிவு சரியான தேர்வுதான், ஆனால் எந்த நார்க்கழிவு என்பதில் கவனம் வேண்டும். மட்கவைத்த நார்க்கழிவை வாங்காதீர்கள். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக முறையில் ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் சேர்த்துத்தான் மட்கவைப்பார்கள். பயிருக்கு அருமையான எரு, தவளைத் தோலுக்குக் கேடு. கயிறு ஆலையிலிருந்து நேரே வரும் பச்சை நார்க்கழிவிலும் உப்பு அதிகம். மண் பரிசோதனை அட்டையில் ஈ.சி. என்று உப்பின் அளவைக் காட்டும் ஒரு எண் பார்த்திருப்பீர்கள், கோகோபீட் என்று விற்கும் நார்க்கழிவுக் கட்டியிலும் அது அச்சிட்டிருக்கும். கழுவியது, ஈ.சி. குறைவானது என்று குறித்த கட்டியாகவும், உரம் எதுவும் சேர்க்காததாகவும் கேளுங்கள். 650 கிராம் கட்டி ஒன்று தண்ணீர் குடித்தால் எட்டு லிட்டர் அளவுக்குப் பெருகும். ஒரு தவளைக்குத் தாராளம். வீட்டிலும் ஒரு முறை ஊறவைத்து, துணியில் வடிகட்டி, பிழிந்து எடுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், அழுத்தினால் சொட்டக் கூடாது. ஏழெட்டு சென்டிமீட்டர் ஆழம் போட்டால் புதைந்துகொள்ளும். நீளமான நார் கிடந்தால் பொறுக்கி எறியுங்கள். பொடியை விழுங்கினால் வெளியே வந்துவிடும், நார் சிக்கிக்கொள்ளும். எச்சம் பட்ட இடத்தை அன்றன்றே அள்ளுங்கள், முழுப் படுக்கையையும் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். சோலைக்காட்டிலிருந்து பாசியும் சருகும் எடுத்து வராதீர்கள். 2013-லிருந்து இந்த மலைக்காடுகள் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்தில் சேர்ந்தவை.

குழாய்த் தண்ணீரை வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும், பிறகு ஊற்றலாம். தோட்டங்களுக்குக் கீழே ஓடும் ஓடைத் தண்ணீர் வேண்டாம். தவளைக்கு இகுவானா அளவு சூடு தேவையில்லை, 24 முதல் 28 டிகிரி போதும்.

தீனிக்கு வருவோம். இகுவானா வாழ்நாள் முழுக்கச் சைவம். கடைக்காரர் முட்டை, புழு, நாய்த் தீனி என்று சொல்லியிருந்தால் மறந்துவிடுங்கள், சிறுநீரகம் கெட்டுப்போகும். முட்டைக்கோஸ் வெளி இலையில் இரண்டு கோளாறு. தொடர்ந்து கொடுத்தால் தைராய்டு சுரப்பைத் தடுக்கும் என்பது ஒன்று. நீங்கள் அடிக்கும் மருந்தை முதலில் வாங்குவது அந்த வெளி இலைதான் என்பது மற்றொன்று. ஊடுருவிப் பாயும் மருந்தாக இருந்தால் இலைக்குள்ளேயே போய்விடும், கழுவினாலும் போகாது. நமக்கு ஒரு வேளைக் கூட்டில் வரும் அளவு வேறு, அரைக் கிலோகூட இல்லாத பிராணி தினமும் அதையே தின்பது வேறு. வீட்டுப் பக்கம் பத்தடிக்குப் பத்தடி ஒரு பாத்தி ஒதுக்கி, எந்த மருந்தும் அடிக்காமல், மருந்துச் சாரல் வராத பக்கமாக இவற்றுக்கென்று பயிர் வையுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

அதில் முதலில் மல்பெரிக் குச்சி நடுங்கள், மலையில் நன்றாகத் தழையும். இலையை அப்படியே கொடுக்கலாம். செம்பருத்தி இலையும் பூவும் விரும்பித் தின்னும். வத்தலக்குண்டிலிருந்து ஏறிவரும் முருங்கைக்கீரையும் அகத்திக்கீரையும் கால்சியத்துக்கு நல்லவை. பீன்ஸ், பரங்கிக்காய் பொடியாக நறுக்கிச் சேர்க்கலாம். கேரட் தழை கொஞ்சம் சேரலாம், அதுவே சாப்பாடாக வேண்டாம். பாலக், பீட்ரூட் இலை, தண்டுக்கீரை இவற்றில் ஆக்சலேட் அதிகம், கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். எப்போதாவது ஒரு கை போதும். பப்பாளி, கொய்யா ருசிக்கு. விருப்பாட்சி மலைவாழை நமக்குத்தான் அமிர்தம், இகுவானாவுக்கு அதில் கால்சியம் மிகக் குறைவு, ஒரு துண்டோடு நிறுத்துங்கள்.

இரண்டை மட்டும் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். ஒன்று பட்டர் ஃபுரூட் என்கிற வெண்ணெய்ப் பழம். தடியன்குடிசைப் பக்கம் கீழ்மலை முழுக்கக் காய்க்கிறது, உங்கள் வீட்டிலும் மரம் இருக்கலாம். பழம், இலை இரண்டிலும் பெர்சின் என்ற நச்சு உண்டு. மற்றொன்று உருளைச் செடியின் தழையும் பச்சை பிடித்த கிழங்கும்; அதில் சோலனைன் என்ற நச்சு இருக்கிறது.

காலையில் விளக்கு போட்டு ஒன்றிரண்டு மணி நேரம் உடம்பு சூடானபின் தீனி வையுங்கள். மாலையில் வேண்டாம், செரிக்கச் சூடு இருக்காது. வாரத்தில் சில நாள் கால்சியம் கார்பனேட் பொடியை இலை மேல் தூவுங்கள். மாட்டுக்கு வாங்கி வைத்திருக்கும் தாது உப்புக் கலவையைத் தூவிவிடாதீர்கள், அதில் பாஸ்பரஸும் சேர்ந்திருக்கிறது. இங்கே கால்சியம் பாஸ்பரஸைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும்.

தவளைக்குத் தோட்டத்து வெட்டுக்கிளி நிறுத்துங்கள். சாகாத வெட்டுக்கிளி மருந்து படாதது என்று அர்த்தமில்லை. உங்களிடமோ பக்கத்திலோ மண்புழு உரத் தொட்டி இருந்தால் தீனிப் பிரச்சினை தீர்ந்தது. அதில் இருப்பது பெரும்பாலும் ஆப்பிரிக்க மண்புழு, தவளை ஆவலாக விழுங்கும். வரி வரியாகச் சிவந்த ஐசீனியா புழு என்றால் துப்பிவிடலாம், அது நாற்றமான திரவம் விடும். புழுவைக் கழுவி, ஈரத் தாளில் ஒரு நாள் வைத்து, வயிற்றிலுள்ள சாணம் கழிந்தபின், நுனி மழுங்கிய இடுக்கியால் நீட்டுங்கள். விரலால் நீட்டினால் விரலையும் கவ்வும். வளர்ந்த தவளைக்கு வாரம் ஒன்றிரண்டு முறை போதும். குட்டிக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள். வீட்டில் பிடிபட்ட எலிக்குஞ்சு வேண்டாம், எலி மருந்து தின்றிருக்கலாம்.

பச்சை இகுவானா, வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சிட்டெஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள இனம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தமும் 2024 விதிகளும் சொல்வதன்படி அதை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். அக்கா மகன் பதிந்தாரா என்று கேட்டு, ரசீதையும் வாங்கிக்கொண்டு, வனக்கோட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள்.

சூடு கொடுத்து நாலைந்து நாளாகியும் தின்னாவிட்டாலோ, எச்சம் வராவிட்டாலோ, தாடை ரப்பர் போல வளைந்தாலோ, கால் வீங்கி நடுங்கினாலோ காத்திருக்காதீர்கள். தேனியிலும் உடுமலைப்பேட்டையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பெட்டியில் வெந்நீர் பாட்டிலோடு கொண்டுபோங்கள்.

கடைசியாக எருக்குழி. கொட்ட வேண்டாம். ஊர்வனவற்றின் எச்சத்தில் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கலாம்; கேரட்டும் பூண்டும் மண்ணுக்குள் விளைபவை. கூண்டைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள், தொட்ட பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், ஐந்து வயதுக்குக் கீழ் இருந்தால் தொடவே விடாதீர்கள். தவளையின் படுக்கையும் தண்ணீரும் ஓடைக்குப் போகவே கூடாது. வெளிநாட்டுத் தவளைகள் கைட்ரிட் என்ற தோல் பூஞ்சையைச் சுமந்து வரக்கூடும். 2008-ல்தான் அறிவியல் பெயர் பெற்ற நட்சத்திரக் கண் மரத்தவளை போன்றவை பழனி மலை ஓடைகளை நம்பித்தான் இருக்கின்றன. படுக்கையை நல்ல வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து, காய்கறிப் பாத்திக்கும் ஓடைக்கும் தள்ளிக் குழி தோண்டிப் புதையுங்கள். கழுவிய தண்ணீரில் ப்ளீச்சிங் பவுடர் கலந்து ஒரு நாள் வைத்து, அதே குழிப் பக்கம் ஊற்றுங்கள்.