டெல்லி கணேஷ் கடைசிவரை துணை நடிகர்தானே, பிறகேன் இவ்வளவு பேசுகிறார்கள்?

துணை நடிகர்தான், அதில் சந்தேகமே இல்லை. 400க்கு மேல் படங்கள், ஒன்றிலாவது போஸ்டரில் பெரிதாக அவர் முகத்தைப் பார்த்த ஞாபகம் எனக்கில்லை. ஆனால் உங்கள் கேள்வியில் இருக்கும் அந்த 'தானே'தான் இடிக்கிறது.

நான் திருகோணமலை. பதினாறு வயதில் கோயில் திருவிழா நாடகம் ஒன்றில் காவலாளி வேடம் தந்தார்கள், ஒரு வசனமும் இல்லை. ராஜா பேசப் பேச நான் பாட்டுக்கு ஈட்டியைப் பிடித்துக்கொண்டு சனத்துக்குள் அம்மாவைத் தேடிக்கொண்டு நின்றேன். முடிந்ததும் பழக்கிய அண்ணாவியார் கூப்பிட்டு, "என்னடா கோயில் தூண் மாதிரி நிக்கிறாய், அவன் சொல்றது உனக்குக் கேக்கேல்லையோ?" என்று ஏசினார். அதற்குப் பிறகு மேடை ஏறவில்லை, ஆனால் படம் பார்த்தால் பேசாமல் நிற்கிறவரைத்தான் கண் தேடும். அப்படிப் பிடிபட்டவர் இவர்.

வல்லநாட்டுக்காரர். 1964 முதல் 1974 வரை இந்திய விமானப்படையில் இருந்தார், டெல்லியில் தமிழ் நாடகங்களில் நடித்தார், அப்புறம் சென்னையில் காத்தாடி ராமமூர்த்தி குழு. விசு எழுதிய 'பட்டினப் பிரவேசம்' நாடகத்தை கே. பாலசந்தர் படமாக எடுத்தபோது சினிமாவுக்குள் வந்தார். பெயருக்கு முன்னால் டெல்லியை ஒட்டியதும் பாலசந்தர்தான்.

எங்களுக்கு இந்தியத் தமிழ் என்றால் எல்லாம் ஒரே சினிமாத் தமிழ். டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து விடியவிடிய மூன்று படம் போடும் காலத்தில், 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) பாலக்காட்டு மணி ஐயர் பேசியதில் பாதி விளங்கவில்லை, ஆனாலும் சிரித்தோம். அவர் பேச்சே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். பல வருடம் கழித்து 'பசி' (1979) பார்க்கிறேன், ரிக்‌ஷா இழுக்கும் தகப்பனாக மெட்ராஸ் சேரித் தமிழில் வெளுத்து வாங்குகிறார்! அதே ஆளா என்று பெயர் ஓடும் இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தேன். அந்தப் படத்துக்காக அவருக்குத் தமிழக அரசின் சிறப்புப் பரிசும் கிடைத்தது. 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் நான்கு வில்லன்களில் ஒருவர், 'சிந்து பைரவி'யில் குடிகார மிருதங்கக்காரர். சும்மா முகத்தைக் காட்டிவிட்டுப் போன படங்களும் நிறைய உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

என்னைக் கேட்டால் 'நாயகன்' (1987) ஐயர். வேலு நாயக்கருக்கு ஹிந்தி வராது, இவர்தான் நடுவில் நின்று மொழிபெயர்ப்பார். டெல்லியில் வாழ்ந்த மனிசன் என்பதால் ஹிந்தி சும்மா வந்திருக்கும், அது பெரிய விஷயமில்லை. இரண்டு பக்கமும் காது கொடுத்துக்கொண்டு, தனக்கென்று ஒன்றுமே சொல்லாத ஆளாக நிற்கிறாரே, அதுதான் கஷ்டம்.

எங்கள் மாமா ஒருவருக்குச் சிங்களம் நன்றாக வரும். உவர்மலைப் பக்கம் யாருக்காவது கந்தோர் (ஆபீஸ்) அலுவல் என்றால் இவரைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். 2024 நவம்பரில் டெல்லி கணேஷ் காலமான கிழமை வீட்டில் திரும்ப 'நாயகன்' போட்டோம். கமலைப் பற்றி நாங்கள் கதைத்துக்கொண்டிருக்க, மாமா திரையைக் காட்டி, "அந்தாளைப் பாருங்கோ. அவன் ஏசுறதை அப்பிடியே சொல்லேலாது, குறைச்சும் சொல்லேலாது. எனக்கும் முகம் இப்பிடித்தான் இருந்திருக்கும்" என்றார்.