அவர்கள் ஏன் ஓடிப்போகவில்லை?

கேள்வி: நாலாம் வகுப்பு படிக்கும் மகள், அமெரிக்க அடிமைகளைப் பற்றிக் கேள்விப்பட்டு, “அவங்க ஏன் ஓடிப்போகலை?” என்கிறாள். இந்த வயதில் எவ்வளவு சொல்லலாம்?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: உண்மையையே சொல்லுங்கள், சித்திரவதை விவரங்களை மட்டும் வயதுக்கேற்பக் குறையுங்கள். ஓடினார்களே! அடிமையாக இருந்த ஹாரியட் டப்மன் என்ற பெண் 1849-ல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலிருந்து தப்பினார், அதோடு நிற்காமல், பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தும் திரும்பத் திரும்பப் போய் சுமார் 70 பேரை மீட்டு வந்தார்.

அப்புறம் ஃபிரெடரிக் டக்ளஸ், இவரும் அடிமையாகப் பிறந்து தப்பியவர். பால்டிமோரில் சிறுவனாக இருந்தபோது எஜமானி அவனுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார், அவர் கணவரோ படித்தால் அடிமையாக இருக்கமாட்டான் என்று தடுத்துவிட்டார். பையன் விடவில்லை. தெருவில் பசியோடு திரிந்த ஏழை வெள்ளைக்காரப் பையன்களுக்கு ரொட்டியைக் கொடுத்து பாடம் கேட்டுக்கொண்டான். உங்கள் மகளுக்கு இது சட்டென்று புரியும். ஆப்பிரிக்காவிலிருந்து சுமார் 1.25 கோடிப் பேர் கப்பலேற்றப்பட்ட கணக்கைப் பிறகு சொல்லலாம்.

தயவுசெய்து குழந்தைகளை அடிமை, எஜமான் என்று நடிக்கவைத்துப் பாடம் நடத்தாதீர்கள், அது அவமானத்தைத்தான் கற்றுத்தரும். “நம்ம ஊர்ல இருந்துச்சா?” என்றும் கேட்பாள். இருந்தது. நிலத்தோடு சேர்த்து ஆட்களையும் விற்றார்கள், 1843-ல்தான் அடிமைமுறைக்கு எதிரான சட்டம் வந்தது. அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.