திபெத் போக சீன விசா மட்டும் போதுமா?

போதாது. வெளிநாட்டவர் திபெத் தலைநகர் லாசா போகத் திபெத் பயண அனுமதியும் வேண்டும். அதை நாமே விண்ணப்பித்து வாங்க முடியாது. பதிவு பெற்ற பயண முகவர்தான் பாஸ்போர்ட், விசா நகல்களைக் கொடுத்து லாசாவில் எடுத்துத் தருவார். விமானம் ஏற அதன் அசல் தாள் கையில் இருக்க வேண்டும். ரயிலுக்கு நகல் போதும். கைலாஷ் பக்கம் என்றால் ராணுவ அனுமதியும் சேரும், அதையும் முகவரே பார்த்துக்கொள்வார்.

காத்மாண்டு வழி என்றால் கதையே வேறு. அங்குள்ள சீனத் தூதரகம் தருவது குழு விசா. பாஸ்போர்ட்டில் ஒட்ட மாட்டார்கள். குழுவினர் எல்லார் பெயரும் உள்ள தனித் தாள் அது. முன்பே எடுத்த சீன விசா இருந்தால் ரத்தாகிவிடும், கட்டிய பணம் தண்டம். அப்புறம், பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் வழக்கமாக வெளிநாட்டவரை விடுவதில்லை; டிக்கெட் போடும் முன் முகவரிடம் கேட்டுவிடுங்கள்.