டாக்டரிடம் கேளுங்கள்: கோபமா, நோயா?

கேள்வி: என் கணவருக்கு மோட்டார் நியூரான் நோய் (தசைகளை இயக்கும் நரம்புகள் கெடும் நோய்) வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. 'கை, கால்தான் தளரும், புத்தி தெளிவாக இருக்கும்' என்றார்கள். ஆனால் இப்போது எதிலும் ஒட்டாமல் இருக்கிறார். மகளுக்குக் காய்ச்சல் என்றபோதும் 'ம்' என்றதோடு சரி. பாதம் மரத்துப்போவதாகவும் சொல்கிறார். என்மேல் கோபமா?

பதில்: கோபமாக இருக்காது அம்மா. 'புத்தி தெளிவாக இருக்கும்' என்று நானும் பல வருடங்கள் நோயாளிகளிடம் சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மை அல்ல. கிட்டத்தட்ட பாதிப் பேருக்குச் சிந்தனையிலோ நடத்தையிலோ ஏதாவது மாற்றம் இருக்கிறது. நடத்தை மாற்றங்களில் அதிகம் வருவது இந்த ஒட்டாத்தன்மைதான். ஞாபகசக்தி பெரும்பாலும் தப்பிவிடுவதால், வழக்கமான மறதிச் சோதனையில் இது பிடிபடாமல் போகலாம்.

இதற்கென்றே எடின்பரோவில் உருவான 'ஈகாஸ்' சோதனை இருக்கிறது. சுமார் 20 நிமிடம் பிடிக்கும். பேச முடியாதவர் எழுதிக் காட்டலாம். ஒரு எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்துக்குள் சொல்லச் சொல்வோம். பேச்சு குழறிய ஒருவர் நாலே சொல் சொன்னார். "நாக்குதான் டாக்டர் ஒத்துழைக்கல" என்றார் கூட வந்த மகன். அதே நாலு சொல்லையும் வாசிக்கச் சொன்னேன். 10 விநாடியில் முடித்துவிட்டார். அப்படியானால் மீதி 50 விநாடியும் சொல்லைத் தேடுவதில் போயிருக்கிறது. மகன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

இந்தச் சோதனையில் வீட்டாரிடம் கேட்கும் கேள்விகளும் உண்டு. நீங்கள் டாக்டரைத் தனியாகப் பார்த்து, இங்கே எழுதியதை அப்படியே சொல்லுங்கள். அது அவருக்குச் செய்யும் துரோகம் இல்லை. மனச்சோர்வு இருக்கிறதா, இரவில் மூச்சு போதவில்லையா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஆளை மந்தமாக்கும், இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. வயிற்றுக்கு உணவு செலுத்தக் குழாய் வைப்பது, சுவாசக் கருவி பற்றிய முடிவுகளை அவரே புரிந்து எடுக்க வேண்டும். அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

மரத்துப்போவது வேறு விஷயம். இந்த நோயில் உணர்வு நரம்புகள் பெரிதாகக் கெடுவதில்லை. ஆனாலும் சிலருக்குத் தோலின் நுண்ணிய நரம்பிழைகள் குறைந்திருப்பது தெரியவந்திருக்கிறது. அதற்காக எல்லாவற்றையும் இந்த நோயின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. சர்க்கரை, பி12 குறைபாடு, ஒரே நிலையில் உட்கார்ந்து நரம்பு அழுந்துவது எல்லாவற்றையும் முதலில் பார்க்க வேண்டும். அதுவரை குளிக்கும் வெந்நீரை நீங்களே தொட்டுப் பாருங்கள்.

அப்புறம், அவராகக் கேட்பார் என்று காத்திருக்காதீர்கள். "பாப்பாவுக்குக் காய்ச்சல், போனைப் பிடிச்சுக்கறேன், ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று எடுத்துக் கொடுங்கள்.