அண்ணாச்சி பதில்கள்: அசையாத படத்துல சிரிப்பு வருமா?

கேள்வி: அண்ணாச்சி, நெட்ஃபிளிக்ஸுல ‘தி வே ஆஃப் தி ஹவுஸ்ஹஸ்பண்ட்’ அனிமே பாத்தேன், அதுக்கு முன்னாடியே தம்பி வாங்கி வச்சிருந்த மங்காவ படிச்சாச்சு. மங்கா படிக்கப்ப மார்த்தாண்டம் பஸ்ஸுல சத்தமா சிரிச்சு எல்லாரும் திரும்பி பாத்தாங்க. அனிமேல அதே ஜோக்கு, அதே வசனம், படம் கூட கிட்டத்தட்ட அதேதான், ஆனா சிரிப்பு பாதிதான் வருது. படம் அசையவே மாட்டேங்குது, புக்க போட்டோ எடுத்து ஓட்டுன மாதிரி இருக்கு. மங்காவுக்கு இது நியாயம் செஞ்சிருக்கா இல்லியா, ஒரே வார்த்தைல சொல்லுங்க.
- வாசகி, வடசேரி

பதில்: ஒரே வார்த்தைன்னா ‘இல்ல’ன்னுதான் சொல்லுவேன் தங்கச்சி. ஆனா படம் அசையாததுனாலதான் சிரிப்பு போச்சுன்னு சொன்னீங்க பாத்தியளா, அதுல எனக்கு சம்மதம் இல்ல, கொஞ்சம் விரிச்சு சொல்லுதேன்.

தெரியாதவங்களுக்கு மொதல்ல ஒண்ணு, மங்கான்னா ஜப்பான் காமிக்ஸ், அனிமேன்னா ஜப்பான் கார்ட்டூன் படம். இனி கதை. ‘சாகாத டிராகன்’னு ஊரே நடுங்குன யாகுசா (ஜப்பான் ரவுடிக் கும்பல்) தாதா, பேரு தாட்சு, எல்லாத்தையும் விட்டுட்டு கல்யாணம் கட்டி வீட்டோட இருக்கான், பொண்டாட்டி மிக்கு வேலைக்கு போறா, இவன் சமைக்கான், துவைக்கான், சூப்பர் மார்க்கெட்டுல தள்ளுபடிக்கு முண்டியடிக்கான், எல்லாத்தையும் அந்த பழைய தாதா மொறைப்போடயே செய்யுதான். கோசுகே ஓனோ 2018ல தொடங்குன மங்கா இது, 2020ல அமெரிக்காவுல காமிக்ஸுக்கு குடுக்குற ஐஸ்னர் விருது, சிறந்த நகைச்சுவை நூல்னு. 2021 ஏப்ரல்ல சியாகி கோன் டைரக்‌ஷன்ல ஜே.சி.ஸ்டாஃப் ஸ்டூடியோ இத அனிமே ஆக்குனாங்க, டிரைலர் வந்தப்பவே நெறைய ரசிகருங்க மொகம் சுளிச்சாங்க, ஏன்னா நீங்க சொன்ன மாதிரி அசையாத படங்கதான், வாய் மட்டும் லேசா அசையும், படம் இடமும் வலமும் நகரும், அவ்வளவுதான்.

இப்ப விஷயத்துக்கு வாறேன். ஓனோவுக்க படத்த நல்லா உத்து பாருங்க, அது காமெடி படம் மாதிரியே இருக்காது. கருப்பு மை அள்ளி பூசி, கீழ இருந்து மேல பாக்குற கோணம், கண்ணாடிக்கு பின்னால தெரியாத கண்ணு, மொகத்துல தழும்பு, பக்கா ரவுடி மங்காவுக்க படம் அது. அந்த படத்துல உள்ள ஆளு நாய்க்குட்டி போட்ட ஏப்ரன கட்டிட்டு நிக்கான். ஜோக்கு வசனத்துல கெடையாது, அந்த கருப்பு மையிலதான் கெடக்கு. அனிமேல அந்த மைய எடுத்துட்டு தட்டையா கலர் அடிச்சாச்சு, வெளிச்சமும் வந்தாச்சு, மொகத்துல பயமே இல்ல, பயம் இல்லன்னா அப்புறம் ஏப்ரன பாத்து யாரு சிரிப்பா?

ரெண்டாவது, நேரம். மங்கா படிக்கப்ப நேரம் நம்ம கையில இருக்கு. மொதல் கதையிலயே மிக்கு மறந்துட்டு போன சாப்பாட்ட குடுக்க சைக்கிள்ல பறக்குறவன போலீஸு மடக்கும்லா, அந்த எடத்துல தாட்சுக்க மொகத்த எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாத்துட்டு இருக்கலாம், போலீஸு மொகத்த பாக்கலாம், திரும்பவும் இவன் மொகம், அப்புறம் பக்கத்த திருப்பினா வெடிக்கும். திருப்புறது நம்ம வெரலு. அனிமேல அந்த வெரல வெட்டி எறிஞ்சுட்டாங்க, எபிசோடு இருபது நிமிஷத்துக்குள்ள, அதுக்குள்ளயும் துண்டு துண்டா நாலஞ்சு கதை, ஒண்ணு முடிஞ்சு மூச்சு விடதுக்குள்ள அடுத்தது. படத்த அசைக்காம வச்சாங்க, சரி, ஆனா அசையாத படத்த பாத்துட்டு நிக்க நமக்கு நேரம் தந்தாங்களா, தரல. எனக்க மன வருத்தம் முழுக்க இங்கதான்.

இன்னொண்ணும் உண்டு. எல்லா எடத்துலயும் ஒரே அளவுக்கு அசையாம இருந்தா, பஞ்ச் வார எடத்துல அசையாம நிக்கதுக்கு மதிப்பே இல்லாம போயிடும். முன்னாடி ஓடி ஆடி வந்தவன் சட்டுன்னு நின்னாதான சிரிப்பு வரும்.

நியாயம் செஞ்ச ஆளு ஒருத்தர் உண்டு, அவர விட்டுட்டா பாவம். தாட்சுக்கு கொரல் குடுத்த கெஞ்சிரோ சுடா. மையில போன பயத்த அந்த கொரல் திருப்பி கொண்டு வருது, சலவைத்தூள பத்தி பேசினாலும் சரக்கு கைமாறுற மாதிரி கேக்கும். கண்ண மூடிட்டு கேட்டா அனிமே கொள்ளாம்.

கேள்வி: முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் காலத்துல இருந்து படம் பாத்து கதை படிக்கிறவன் நான். பேரனுக்க கூட இந்த ஜப்பான் கார்ட்டூன பாத்தேன். அசையாத படத்துக்கு பேரு அனிமேஷனா? காசு மிச்சம் பிடிக்க செய்யுத ஏமாத்து வேலைன்னுதான் எனக்கு படுது.
- வாசகர், தக்கலை

பதில்: காசு மிச்சம் பிடிக்கதுக்குன்னு சொன்னது சரிதான் பெரியவரே, ஏமாத்துன்னு சொன்னதுதான் சரியில்ல.

சினிமாவுல ஒரு செகண்டுக்கு 24 ஃபிரேம் ஓடும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு படம் வரைஞ்சா 24, ஒரே படத்த ரெண்டு ஃபிரேமுக்கு வச்சா 12, மூணு ஃபிரேமுக்கு வச்சா 8. டிஸ்னி ஆளுங்க மொத ரெண்டுலயும் வேலை செஞ்சாங்க. 1963 ஜனவரி 1ஆம் தேதி மங்கா வரையுற ஒசாமு தெசுகா ‘ஆஸ்ட்ரோ பாய்’ய டிவிக்கு கொண்டு வந்தப்ப வாரம் ஒரு எபிசோடு முடிக்கணும், டிவிக்காரங்க குடுத்த காசு செலவுக்கே காணாது, அதனால எட்டு படத்துல ஓட்டுனாரு, ஒருக்க வரைஞ்ச பறக்குற காட்சிய பத்திரமா எடுத்து வச்சு திரும்ப திரும்ப போட்டாரு, பேசும்போது வாய மட்டும் மாத்துனாரு. ஜப்பான்ல டிவி அனிமேன்னு ஒண்ணு நெலச்சு நின்னதே அந்த சிக்கனத்துலதான். அமெரிக்காவுல ஹன்னா பார்பெரா கம்பெனியும் இதேதான், யோகி கரடிக்கு கழுத்துல காலரும் டையும் எதுக்குன்னு நெனைக்கிய? ஒடம்ப அப்படியே வச்சுட்டு தலைய மட்டும் புதுசா வரையலாம், ஒட்டு தெரியாது. அங்க யுபிஏன்னு ஒரு ஸ்டூடியோ காசு இல்லாததுக்காக மட்டும் இல்லாம அழகுக்காகவே கொறச்சு வரைஞ்சாங்க, அவங்க 1950ல எடுத்த ‘ஜெரால்ட் மெக்போயிங் போயிங்’ ஆஸ்கர் வாங்கிச்சு.

அதுக்கும் மேல, நம்ம மாவட்டத்துல இருந்துட்டு நீங்க இப்படி கேக்கலாமா? தோல்பாவைக் கூத்து பாத்திருப்பிய. வெள்ளத்துணிக்கு பின்னால வெளக்கு, ராமரு பாவை வந்து நின்னா நின்னதுதான், ஒரு கை மட்டும் ஏறி எறங்கும், எல்லா கொரலும் ஒரே ஆளுக்க தொண்டையில இருந்து வருது, பிள்ளைய வாய பொளந்து பாத்துட்டு இருக்கும். அப்புறம் கோமாளிங்க உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வருவானுவ, துள்ளுவானுவ, ஒருத்தன ஒருத்தன் சாத்துவானுவ, பந்தல் முழுக்க சிரிப்பு. ராமரு அசையாம நிக்கதுனாலதான் உச்சிக்குடும்பன் துள்ளுறது துள்ளலா தெரியுது. எங்க அசைக்கணும் எங்க நிறுத்தணும்னு பாவைக்காரருக்கு தெரியும். அந்த அறிவு இருந்தா எட்டு படமும் வேண்டாம், நாலே போதும். ‘ஹவுஸ்ஹஸ்பண்ட்’ அனிமேல இல்லாதது காசு இல்ல, அந்த அறிவுதான்.

இதுக்கு சாட்சி வேணும்னா ‘குரோமார்ட்டி ஹைஸ்கூல்’ பாருங்க, பேரன்கிட்ட கேட்டா எடுத்து தருவான். எய்ஜி நொனாகாவுக்க மங்கா, 2003ல புரொடக்‌ஷன் ஐஜி எடுத்தாங்க, டைரக்டர் ஹிரோவாகி சகுராய். ரவுடிப் பயலுவ படிக்கிற பள்ளிக்கூடம், அதுல ஒரு கொரில்லாவும் உண்டு, மெக்காசாவான்னு ஒருத்தன் அப்பட்டமான ரோபோ, ஆனா அவன் ரோபோன்னு வகுப்புல எவனுக்கும் தோணாது. அதுலயும் படம் பெருசா அசையாது. ஒருத்தன் என்னத்தயாவது சொல்லுவான், கேட்டவன் மொகம் அப்படியே நிக்கும், நிக்கும், இன்னும் நிக்கும், நமக்கு வயிறு வலிக்க தொடங்கும். அசையாத மொகத்த அடுத்த ஷாட்டுக்கு தள்ளி விடாம அந்த மனுஷன் காத்திருந்தாரு. அதே சகுராய்தான் பொறவு ‘சைகி கே’ன்னு ஒரு காமெடி அனிமேய எடுத்தாரு, அதுக்கும் வேலை செஞ்சது இதே ஜே.சி.ஸ்டாஃப்தான். அதனால ஸ்டூடியோவுக்கு காமெடி தெரியாதுன்னும் சொல்ல முடியாது.

கேள்வி: இதுக்கு நடிகருங்க நடிச்ச சீரியலும் உண்டாமே, அது நல்லா இருக்குமா?
- வாசகர், குளச்சல்

பதில்: உண்டு, 2020 கடைசியில நிப்பான் டிவியில வந்துது, ஹிரோஷி தமாகி தாட்சுவா நடிச்சாரு, 2022ல சினிமாவும் ஆச்சு. மங்காவுல இல்லாத ஒரு பொம்பளப்பிள்ளைய மகளா சேத்துட்டாங்க, கதை குடும்பப் பாசம் பக்கமா சாஞ்சு போச்சு. அசைவுக்கு கொறச்சலே இல்ல, ஓட்டம், கத்தல், சண்டை எல்லாம் உண்டு, ஆனா மங்காவுல உள்ள அந்த கல்லு மாதிரி மொகம் அதுல இல்ல. நான் அனிமேயதான் திரும்ப போடுவேன்.

கேள்வி: தோவாளை பூ மார்க்கெட்டுல ராவும் பகலும் இல்லாத வேலை எனக்கு, வீட்டுக்காரி நர்ஸு, அவளுக்கு பகல் டூட்டின்னா சமையல், பிள்ளைங்கள கெளப்புறது எல்லாம் நான்தான். இந்த கதைய பத்தி கேட்டதும் ஒரு சந்தேகம், வீட்டு வேலை செய்யுத ஆம்பளைய கிண்டல் பண்ணுத கதையா இது?
- வாசகர், தோவாளை

பதில்: சத்தியமா இல்ல தம்பி, தைரியமா படிங்க. இதுல தாட்சு ஒரு வேலையையும் அரைகொறையா செய்ய மாட்டான், கறைய எடுத்தா சுத்தமா எடுப்பான், சமைச்சா தெருவே மணக்கும். ‘ஆம்பளைக்கு இது தேவையா’ன்னு கதையே அவன பாத்து சிரிக்காது. சிரிப்பு வாறது பாக்குறவன் பயப்படுறதுலதான். பழைய சிஷ்யன் மாசா வருவான், அண்ணன் ஏதோ கொலைக்கு திட்டம் போடுதாருன்னு நடுங்குவான், அண்ணன் கத்திய தீட்டுறது மீன் வெட்டுறதுக்கு. எதிரி கோஷ்டியில இருந்த டோராஜிரோ இப்ப வண்டியில க்ரேப்னு மெலிசான தோசை மாதிரி பலகாரம் சுட்டு விக்கான், ரெண்டு பேரும் மொறைச்சுட்டு நிப்பானுவ, கடைசியில யாருக்க பலகாரம் நல்லா இருக்குன்னு போட்டி. உழைப்புக்கு மரியாதை குடுக்குற கதை இது, அதனாலதான் எனக்கு இதுக்க மேல இவ்வளவு பிரியம், அதனாலதான் அனிமே அவசரமா ஓட்டுனதுல இவ்வளவு வருத்தமும்.

மங்காவுல சமையல் பாகம் வந்தா ஒவ்வொரு கட்டத்துலயும் கையி என்ன செய்யுதுன்னு தெளிவா தெரியும், பாத்துட்டு நாமளும் செய்யலாம்னு தோணும். அனிமேல அது ஓடியே போயிடுது. இந்த கொறைய பாதி தீக்குற மாதிரி அதே 2021ல ‘தி இன்ஜெனியூட்டி ஆஃப் தி ஹவுஸ்ஹஸ்பண்ட்’னு குட்டி குட்டி வீடியோவா வந்துது, கொரல் குடுத்த சுடாவே நேருல ஏப்ரன் கட்டிட்டு நடிச்சு, டைரக்‌ஷனும் அவரேதான். வீட்டுக்காரிக்கு லீவு இருக்கப்ப ரெண்டு பேருமா உக்காந்து பாருங்க.

கேள்வி: எல்லாத்தையும் அசைச்சா நல்லா வந்துரும்னு நண்பன் சொல்லுதான், சரியா?
- பிளஸ் டூ மாணவி, கருங்கல்

பதில்: ‘நிச்சிஜோ’வ காட்டி சொல்லியிருப்பான். கெயிச்சி அராவிக்க மங்கா, 2011ல கியோட்டோ அனிமேஷன் 26 எபிசோடா எடுத்தது, ஹெட்மாஸ்டர் மானுக்க கூட மல்லுக்கட்டுற காட்சிய உசுர குடுத்து வரைஞ்சிருப்பாங்க. அது பிரமாதம்தான், ஆனா அங்கயும் சண்டைக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒண்ணுமே நடக்காத அமைதி இருக்கும் பாருங்க, ஜோக்கு அங்கதான் நிக்குது. நண்பன்கிட்ட அந்த அமைதிய மட்டும் வெட்டிட்டு பாக்க சொல்லுங்க.

கேள்வி: நானும் கூட்டுக்காரனும் சேந்து ஃபோனுலயே வரைஞ்சு ஒரு காமெடி அனிமேஷன் செய்யப் போறோம், ஊருப் பேச்சுலதான் வசனம். பத்து செகண்டுக்கே படம் வரைஞ்சு கை ஒடியுது அண்ணாச்சி, என்ன செய்ய?
- கல்லூரி மாணவர், குலசேகரம்

பதில்: நல்ல காரியம் மக்கா. மொதல்ல வசனத்த பேசி ரெக்கார்டு பண்ணுங்க, படம் அப்புறம். நம்ம ஊரு பேச்சுக்கு ஒரு இழுப்பு இருக்கு, அந்த இழுப்புல எங்க மூச்சு விடுதியளோ அங்கதான் படம் நிக்கணும், அது தெரியாம வரைஞ்சா வரைஞ்சது பாதி வீணு.

செகண்டுக்கு எட்டு படம்னா பத்து செகண்டுக்கு 80, கை ஒடியத்தான் செய்யும். பேசுறவனுக்கு வாய் மூடுனது, பாதி தொறந்தது, முழுசா தொறந்ததுன்னு மூணு போதும், ஒடம்ப தொடாதீங்க. மிச்சம் வாற படத்த எல்லாம் கேக்குறவனுக்கு செலவு பண்ணுங்க, பேசுறவனுக்கு இல்ல. அவன் புருவம் பைய ஏறுறது, மொகம் திரும்புறது, அதுக்கு மட்டும் பன்னெண்டு படம் வேணும்னாலும் வரையுங்க. பஞ்ச் முடிஞ்சதும் ஒரே படத்த வச்சு ரெண்டு செகண்டு அப்படியே விடுங்க, பின்னணி மியூசிக்க போட்டு நெரப்ப தோணும், போடாதீங்க, மழைச்சத்தமோ தூரத்துல பஸ்ஸு ஹாரனோ போதும். முடிச்சதும் இங்க எனக்கு அனுப்பி வையுங்க, பாத்துட்டு அடுத்த இதழ்ல எழுதுதேன்.