ஊத மறுத்தால் 20(3) காப்பாற்றுமா?

குடித்துவிட்டு வண்டி ஓட்டினாரா என்று பார்க்கும் மூச்சுக் கருவியில் உங்கள் தம்பி ஊத மறுத்துக் கைதானதற்கு, தனக்கெதிராகவே சாட்சி சொல்லக் குற்றஞ்சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற அரசியல் சட்டம் 20(3) கைகொடுக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்காது. உச்ச நீதிமன்றத்தின் 1961 காத்தி காலு ஒகத் தீர்ப்பின்படி கைரேகை, கையெழுத்து மாதிரி தருவது தனக்கெதிரான சாட்சியம் ஆகாது. மூச்சும் ரத்தமும் அதே கணக்குதான். "எங்கே குடித்தாய், எவ்வளவு?" என்ற கேள்விக்கு வாய்மூடி இருக்கலாம், அவ்வளவே. மோட்டார் வாகனச் சட்டம் 205-இன்படி, தக்க காரணமில்லாத மறுப்பே அரசுத் தரப்புக்கு வலு. ஆஸ்துமா போல ஏதாவது இருந்தால் மருத்துவச் சீட்டை இப்போதே எடுத்து வையுங்கள்.

வக்கீலிடம் கேட்க வேண்டியது வேறு. கைதான 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடந்ததா? இல்லையென்றால் அதே சட்டத்தின் பிரிவு 202-இன்படி காவலிலிருந்து விட்டிருக்க வேண்டும். ரத்தம் எடுத்தார்களா? குடித்துவிட்டு ஓட்டுவதற்கான பிரிவு 185-க்கு, 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமுக்கு மேல் என்று சோதனையில் வந்த அளவு வேண்டும். "சாராய வாடை, தள்ளாட்டம்" என்ற மருத்துவர் குறிப்பு மட்டும் இருந்தால் வழக்கு ஆட்டம் காணும்.