குழாய் போகும் கொல்லை, கேஸ் வரும் வீடு: வாசகர் கேள்வி–பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் எரிவாயுக் குழாய் பற்றி அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

எங்கள் கொல்லையின் குறுக்கே எரிவாயுக் குழாய் போகிறதாம். அளந்து கல் நட்டுவிட்டார்கள். நிலம் கைவிட்டுப் போய்விடுமா? மறுப்புச் சொல்ல வழி உண்டா?
– வாசகர், பாலக்கோடு

நிலம் போகாது. பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும். 1962ஆம் ஆண்டின் பெட்ரோலியம், கனிமக் குழாய் சட்டப்படி அரசு எடுத்துக்கொள்வது ‘பயன்பாட்டு உரிமை’, அதாவது உங்கள் நிலத்துக்கு அடியில் குழாய் பதித்துப் பராமரிக்கும் உரிமை. ஆனால் குழாய் போகும் அந்த நீளத் துண்டில், அதாவது பட்டையில், நீங்கள் வீடோ வேறு கட்டடமோ கட்ட முடியாது. கிணறு, குளம் வெட்டக் கூடாது, மரம் நடக் கூடாது. கேழ்வரகு, தக்காளி, நிலக்கடலை போன்ற பயிர்களை வழக்கம்போல் வைக்கலாம். புதிதாகப் போர் போட நினைத்தால் முதலில் எல்லைக் கல்லிலிருந்து அளந்து, பட்டைக்கு வெளியே இடம் பாருங்கள்.

முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த உரிமையை எடுக்கப்போவதாக அந்தச் சட்டத்தின் பிரிவு 3(1)இன் கீழ் மத்திய அரசிதழில் அறிவிக்கை வந்துவிட்டதா? அளக்கும் அதிகாரம் அந்த அறிவிக்கை வந்த பிறகுதான் பிறக்கிறது. ஆகவே அளக்க வருபவரிடம் அறிவிக்கை எண்ணையும் தேதியையும் கேளுங்கள், நகலும் வாங்குங்கள். உங்கள் சர்வே எண், உட்பிரிவு, பரப்பு அதில் சரியாக இருக்கின்றனவா என்று புல வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உட்பிரிவு மாறிப்போனால் இழப்பீடு பக்கத்து நிலத்துக்காரர் பெயருக்குப் போய்விடும். பாகப்பிரிவினை முடிந்தும் பட்டா மாற்றாத குடும்பங்களில் இந்தச் சிக்கல் சுலபமாக வந்துவிடும்.

ஆட்சேபம் சொல்ல 21 நாள் அவகாசம் உண்டு. எந்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்பது அறிவிக்கையிலேயே எழுதியிருக்கும். ஊர்க்கூட்டத்திலோ மறியலிலோ வாயால் சொன்னது சட்டத்தின் கணக்கில் வராது. இந்தச் சட்டத்தின் வேலைக்கென அரசு நியமித்த ‘தகுதி பெற்ற அதிகாரி’க்கு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். நேரிலோ வழக்கறிஞர் மூலமோ விசாரணைக்கு வாய்ப்பளிப்பது அந்த அதிகாரியின் கடமை. ‘திட்டமே வேண்டாம்’ என்று மட்டும் எழுதினால் அது பெரும்பாலும் தள்ளுபடியாகிவிடும். பிரிவு 7 சொல்லும் தடைகளில் எது உங்களுக்குப் பொருந்துகிறது என்று பார்த்து அதைக் காட்டுங்கள். அறிவிக்கைக்கு முன்பே குடியிருப்பாக இருந்த இடம், நிரந்தரக் கட்டடம் நிற்கும் இடம், வீட்டை ஒட்டிய இடம் ஆகியவற்றுக்கு அடியில் குழாய் போகக் கூடாது. மற்ற இடத்திலும் ஒரு மீட்டருக்குக் குறையாத ஆழம் வேண்டும். வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, தேதியுள்ள புகைப்படம் எல்லாம் இங்கே கைகொடுக்கும். மாற்றுப் பாதை சொல்வதானால் வரைபடத்தில் கோடு போட்டுக் கொடுங்கள்.

அறிவிக்கை வந்த ஓராண்டுக்குள் உரிமையை எடுத்துக்கொள்வதாகச் சொல்லும் உறுதி அறிவிப்பு பிரிவு 6இன் கீழ் வெளிவராவிட்டால் அந்த நிலத்தைப் பொறுத்தவரை முதல் அறிவிக்கை காலாவதியாகிவிடும். அதனால் இரண்டு தேதிகளையும் குறித்து வையுங்கள்.

மாந்தோப்பில் 15 வயது மரங்களை வெட்ட வேண்டுமென்கிறார்கள். இழப்பீடு எப்படிக் கணக்கிடுவார்கள்?
– வாசகர், காவேரிப்பட்டணம்

இரண்டு கணக்குகளைத் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று சேதத்துக்கு: வெட்டிய மரம், நின்ற பயிர், நிலம் தற்காலிகமாகத் துண்டுபட்டதால் வந்த நட்டம், மற்றச் சொத்துக்கோ வருமானத்துக்கோ வந்த பாதிப்பு. மற்றொன்று பயன்பாட்டு உரிமைக்கு: 3(1) அறிவிக்கை நாளன்று அந்த நிலத்துக்கிருந்த சந்தை மதிப்பில் 10 சதவீதம். 2013ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டம் தன் நான்காம் அட்டவணையில் இந்த 1962 சட்டத்துக்கு விலக்கு அளித்திருக்கிறது. அதில் வரும் நில உரிமையாளர் ஒப்புதல் விதியை இங்கே கேட்க முடியாமல் போவதற்கு அதுதான் காரணம். காலத்துக்கும் மரம் நட முடியாத நிலத்துக்கு 10 சதவீதம் என்பது மிகக் குறைவு என்பதே எங்கள் கருத்து. சட்டத்தைத் திருத்தும்வரை முதல் கணக்கில் ஒரு ரூபாயும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி.

மரங்களுக்கு எண் போட்டு, ஒவ்வொன்றின் ரகம் (பெங்களூராவா, நீலமா, செந்தூராவா), வயது, அடிமரச் சுற்றளவு ஆகியவற்றைக் கூட்டாய்வின்போதே பதிவு செய்ய வையுங்கள். மண்டி ரசீது, கூழ் ஆலைக்குக் காய் போட்ட சீட்டு, தோப்புக் குத்தகை எழுதிய தாள் இருந்தால் காய்ப்பு வருமானத்தைக் காட்டலாம். அடங்கலில் (கிராமப் பயிர்ப் பதிவேட்டில்) ‘மா’ என்று இருக்கிறதா, இல்லை ‘தரிசு’ என்றே கிடக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துவிடுங்கள். அறிவிக்கைக்குப் பிறகு நட்ட கன்றுகளுக்கு இழப்பீடு எதிர்பார்க்க வேண்டாம். சந்தை மதிப்புக்கு, பக்கத்து நிலங்களின் அண்மைக் கிரயப் பத்திர நகல்களைப் பதிவு அலுவலகத்தில் வாங்கிக் கொடுங்கள். இல்லையென்றால் வழிகாட்டி மதிப்போடு நின்றுவிடுவார்கள்.

தொகை போதவில்லையென்றால் மாவட்ட நீதிபதியிடம் மனு செய்யலாம். பணம் வாங்கும்போது ‘ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதியே கையெழுத்திடுங்கள்.

வேலை நடக்கும்போது மேல்மண்ணைத் தனியே குவிக்கச் சொல்லுங்கள். அடிச்சரளை மேலே வந்துவிட்டால் இரண்டு மூன்று போகம் விளைச்சல் படுத்துவிடும். மூடிய பள்ளம் முதல் பெருமழையில் உள்வாங்கும். எல்லாம் சரி செய்யப்பட்டதாக மழைக்கு முன்பே கையெழுத்துப் போட்டுத் தர வேண்டாம்.

தமிழக அரசே எதிர்த்த திட்டம்தானே? டெல்டாவுக்கு வந்த பாதுகாப்புச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாதா?
– வாசகர், பென்னாகரம்

கொச்சி–பெங்களூரு குழாயை விளைநிலத்தில் பதிக்காமல் நெடுஞ்சாலையோரம் கொண்டுபோகுமாறு 2013இல் மாநில அரசு சொன்னது. அந்த உத்தரவை அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. இதற்கு வேர் அரசியலமைப்பில் இருக்கிறது. இயற்கை எரிவாயு மத்தியப் பட்டியலின் 53ஆம் இனத்தில் அடங்கும், மாநிலங்கள் அதில் சட்டமியற்ற முடியாது என்று குஜராத் மாநிலத்தின் எரிவாயுச் சட்டம் தொடர்பாக 2004இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காவிரி டெல்டாவுக்கு மட்டுமானது. தர்மபுரி, கிருஷ்ணகிரி அதில் இல்லை. சாலையை வெட்டும் அனுமதி, வருவாய்ப் பதிவேடு, விற்பனை வரி ஆகியவை இன்னும் மாநிலத்தின் கையில் இருக்கின்றன.

எங்கள் தெருவில் வீட்டு கேஸ் குழாய் பதிக்கிறார்கள். பாதுகாப்பானதா? குறை இருந்தால் யாரிடம் போவது?
– வாசகர், ஓசூர்

2006ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம்தான் நகர எரிவாயு வலையமைப்புக்கு அனுமதி தருகிறது. உங்கள் மாவட்டத்துக்கு அனுமதி பெற்ற நிறுவனம் எது என்பதை வாரியத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.

தெருவில் பதிக்கும் பாலிஎத்திலீன் குழாயில் அழுத்தம் 4 பார் வரை இருக்கும். வீட்டு ரெகுலேட்டர் அதை அடுப்புக்கு 21 மில்லிபாராகக் குறைத்துவிடும். சிலிண்டர் அடுப்பின் ஜெட்டை (வாயு வெளிவரும் துளை முனையை) மாற்றாமல் பொருத்தினால் சுடர் சிறுத்துவிடும். நிறுவனத்தின் ஆள்தான் அதை மாற்ற வேண்டும். கடைக்காரர் ஊசியால் துளையைப் பெரிதாக்கினால் சுடர் மஞ்சளாகிப் பாத்திரம் கரிபிடிக்கும். சிலிண்டர் வாயு கசிந்தால் தரையில் தங்கும், குழாய் வாயு காற்றைவிட லேசானதால் கூரைப் பக்கம் சேரும். சமையலறையில் மேலே காற்றுப்போக்கி இருந்தே ஆக வேண்டும், பால்ஸ் சீலிங் போட்டு அதை அடைக்காதீர்கள். வாடை வந்தால் வால்வை மூடி ஜன்னலைத் திறங்கள். சுவிட்சில் கை வைக்க வேண்டாம்.

குறைகளை முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் கொடுத்து புகார் எண் வாங்குங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். அங்கே செல்லத்தக்க தனிநபர் புகார்களை வாரியம் விசாரிக்காது என்று சட்டமே சொல்கிறது.

தெருவில் ஜேசிபி வைத்துத் தோண்டுபவர்கள் முன்கூட்டியே நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். இதற்கென 2023இல் மத்திய அரசு ‘கால் பிஃபோர் யூ டிக்’ செயலியைக் கொண்டுவந்தது.

உணவகம் நடத்துகிறேன். குழாய் கேஸ் லாபமா?
– வாசகர், கிருஷ்ணகிரி

வெப்பத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். 19 கிலோ வணிக சிலிண்டரில் இருக்கும் வெப்பம் சுமார் 23 கன மீட்டர் குழாய் வாயுவுக்குச் சமம். சிலிண்டர் விலையை 23ஆல் வகுத்து, வரும் தொகையை நிறுவனம் சொல்லும் கன மீட்டர் விலையோடு ஒப்பிடுங்கள். இயற்கை எரிவாயு ஜிஎஸ்டிக்குள் வரவில்லை, அதற்கு மாநில விற்பனை வரிதான். 5 சதவீத ஜிஎஸ்டி கட்டும் உணவகத்துக்கு உள்ளீட்டு வரவு (வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எப்படியும் கிடையாது என்பதால் உங்களுக்கு இதில் இழப்பில்லை. சிலிண்டரின் 18 சதவீத வரியைத் திரும்ப எடுக்கும் தொழிற்சாலைகள் மட்டும் வரி நீக்கிய விலையை வைத்துக் கணக்கிட வேண்டும்.

ஒப்பந்தத்தில் குறைந்தபட்சக் கொள்முதல் எவ்வளவு என்று பாருங்கள். எரித்தாலும் எரிக்காவிட்டாலும் அந்த அளவுக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும். விலை எதை ஒட்டி ஏறி இறங்கும் என்பதையும் கேளுங்கள். உள்நாட்டில் கிடைக்கும் மலிவு எரிவாயு வீடுகளுக்கும் வாகன சிஎன்ஜிக்கும்தான் முன்னுரிமையாகப் போகிறது. வணிகத்துக்குப் பெரும்பாலும் இறக்குமதி வாயுதான், அதன் விலை 2022இல் உலகச் சந்தையில் எப்படி எகிறியது என்பது நினைவிருக்கும். முதல் ஆறு மாதமாவது சிலிண்டர் இணைப்பைக் கைவிடாதீர்கள்.